இல்லாத பெல்ட்டை மாற்றச் சொன்ன மெக்கானிக்

கேள்வி: அண்ணா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில் இருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு முன்பு 2007 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றைத் தனியாரிடமிருந்து வாங்கினேன். 2.0 லிட்டர், துணிக் கூரை, 1,32,000 கிலோமீட்டர் ஓடியது. கூரை திறக்கும் கார் ஒன்று வேண்டும் என்பது பள்ளிக்கூடக் காலத்து ஆசை. கோயிலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சர்வீஸுக்காக ஓர் ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். "டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது, அறுந்தால் இஞ்சின் போய்விடும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். டீலரிடம் போக எனக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் தெருவில் ஓர் அங்கிள் தன் வீட்டு யார்டிலேயே பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையில் போன வாரத்து மழைக்குப் பிறகு இடப்பக்க சீட்டுக்கு முன்னால் கம்பளம் ஈரமாக இருக்கிறது. இஞ்சின் விளக்கும் ஒரு நாள் எரிந்து, தானே அணைந்தது. யாரை நம்பி இந்தக் காரைக் கொடுப்பது?

பதில்:

அன்புத் தங்கைக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த டைமிங் பெல்ட்டில்தான் என் கண் நின்றது. உங்கள் காரில் டைமிங் பெல்ட்டே கிடையாது. 2005 இல் வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 இஞ்சினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் அந்த வேலையைச் செய்வது ஒரு செயின். செயினுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்ற கணக்கு இல்லை. இஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றி, அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் அது பெரும்பாலும் இஞ்சினோடு கூடவே வாழ்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கத்திலிருந்து சலசலவென்று சத்தம் வந்து நிற்காமல் இருந்தால் அப்போது அதைப் பார்க்க வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

ஆனாலும் அந்த ஒர்க்‌ஷாப்காரரை இப்போதே ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களில் ரப்பர் டைமிங் பெல்ட் உண்டு. ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை அதை மாற்றத்தான் வேண்டும். அந்தக் கார்களில் வேலை செய்தவருக்கு இந்தப் பேரைக் கேட்டதும் அதுவே ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் இஞ்சினுக்கு வெளியே, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் ஒன்று ஓடுகிறது. அது காரோடு வந்த பழசாக இருந்தால் மாற்றவே வேண்டும். அது விலையும் குறைவு, வேலையும் குறைவு. அவர் அதைச் சொல்ல வந்து வாய் தவறியதா என்று நமக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி உண்டு. போன் செய்து, "என் காருக்கு டைமிங் செயின் என்று கேள்விப்பட்டேன், நீங்கள் சொன்னது எந்த பெல்ட்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "ஒரு நிமிஷம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டு, அப்புறம் கூப்பிட்டு "நான் சொன்னது தப்பு, செயின்தான்" என்று ஒருவர் சொன்னால், அவர் பேரை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாக் காருக்கும் பெல்ட் உண்டு மேடம், கூகுளில் படித்துவிட்டு வந்து பேசாதீர்கள்" என்றால் அந்த நம்பரை அழித்துவிடுங்கள். தப்பு எல்லோருக்கும் வரும். தப்பைச் சொன்னதும் ஒரு ஆள் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் நான் மெக்கானிக்கை எடை போடுவேன். இப்படி நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றவன். டர்பனுக்கு வந்து முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்துக்கு இருந்தேன். அங்கே ஒரு நாள் ஒரு சின்ன ஓப்பன் கார் வந்தது. டயர் மாற்றும் வேலைதான். உடன் வேலை செய்த பையன் டிராலி ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போய், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டியின் நடுவில் வைத்துத் தூக்கினான். அதைத்தான் சில் என்பார்கள். மெல்லிய முறுக்குச் சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். இறக்கிப் பார்த்தால் அடி விளிம்புத் தகடு ஒரு சாண் நீளத்துக்கு மடிந்து, உள்ளே குழி விழுந்திருந்தது. பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலாளி வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு டப்பா கறுப்பு அண்டர்சீல் எடுத்து அந்த இடத்தில் தாராளமாகப் பூசச் சொன்னார். சாயங்காலம் காரின் சொந்தக்காரர் வந்து, பணம் கொடுத்து, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வருடங்கள் போன பிறகும் அந்தக் காரை நினைக்காத மழைக்காலம் கிடையாது. அந்தக் கறுப்புப் பூச்சுக்கு உள்ளே தண்ணீர் தங்கி, துரு தின்றுகொண்டே போயிருக்கும்.

சாதாரணக் காரில் இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தகட்டுக் கூரை உள்ள காரில் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும் சேர்ந்து முழு உடம்பையும் ஒரு கூண்டு மாதிரி பிடித்துக்கொள்கின்றன. உங்கள் காருக்கு அந்தக் கூண்டு இல்லை. முன்னும் பின்னும் வளையாமல் பிடித்திருப்பது இரண்டு பக்கத்து சில்லும் தரை நடுவில் சுரங்கம் மாதிரி ஓடும் டனலும்தான். ஆகவே சில் கெட்டால் வண்டியின் முதுகெலும்பு கெட்டது போல. கடற்காற்று அடிக்கும் டர்பனில் அது கெடுவதற்கு நிறைய நாள் வேண்டாம்.

இதனால் நான் சொல்லும் முதல் பரிசோதனை ஜாக்கி. காரைக் கொடுக்கப் போகும் இடத்தில், "இதை எங்கே வைத்துத் தூக்குவீர்கள்?" என்று கேளுங்கள். உங்கள் காரில் முன் சக்கரத்துக்குப் பின்னாலும், பின் சக்கரத்துக்கு முன்னாலும், சில் விளிம்பில் இரண்டிரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். அந்த ஜோடி வெட்டுகளுக்கு இடையில் உள்ள இடம்தான் ஜாக்கிக்கு உரியது, சில்லின் நடு இல்லை. விவரம் தெரிந்தவர் குனிந்து விரலால் அந்த வெட்டுகளைத் தடவிப் பார்ப்பார். அப்புறம் நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை ஒன்றை எடுத்து ஜாக்கியின் தலையில் வைப்பார். தகட்டு விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் உட்காரும், பாரம் விளிம்பின் இரண்டு பக்கமும் இறங்கும். என் பட்டறையில் அந்தக் கட்டையைப் பழைய லாரி ரப்பரில் நானே அறுத்து வைத்திருக்கிறேன். காசு பெறாத பொருள். ஆனால் ஒரு பட்டறையில் அது இருக்கிறதா இல்லையா என்பது எனக்குப் பல விஷயம் சொல்லும். தூக்கிய பிறகு ஸ்டாண்ட் போடாமல் அடியில் படுக்கும் ஆளிடம் எந்தக் காரையும் கொடுக்காதீர்கள். தன் உயிருக்கே கவனம் இல்லாதவர் உங்கள் பிரேக்குக்கு எங்கே கவனம் காட்டுவார்?

சரி, ஆளை எங்கே தேடுவது? பெயர்ப்பலகை பார்த்துத் தேடாதீர்கள். உம்கேனி ரோடு பக்கம் போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கின்றன. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், கவுண்டரில் நிற்கும் வயசானவர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள்: "எம்எக்ஸ்-5 காருக்கு உங்களிடம் யார் சாமான் வாங்குகிறார்கள்? பழைய சாமானைக் கையோடு கொண்டுவந்து ஒத்துப் பார்த்து வாங்கும் ஆள் யார்?" கவுண்டரில் நிற்பவருக்கு ஊரில் உள்ள அத்தனை மெக்கானிக்கின் ஜாதகமும் தெரியும். யார் நல்ல சாமான் கேட்கிறார், யார் எப்போதும் "இருப்பதிலேயே மலிவானது கொடு" என்கிறார், ஒரே சாமானை மூன்று தடவை மாற்றி மாற்றி வாங்கிப் போவது யார் என்று அவர் தினமும் பார்க்கிறார். எந்த விளம்பரத்தைவிடவும் இது மேல். இன்னொரு வழி, ரோபோவில், அதாவது சிக்னலில், நிற்கும்போது உங்கள் கார் மாதிரியே ஒன்று பக்கத்தில் நின்றால் கண்ணாடியை இறக்கிக் கேட்டுவிடுங்கள். இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசச் சலிக்கவே மாட்டார்கள்.

இரண்டு மூன்று பேர் கிடைத்ததும், முழு சர்வீஸ் என்று ஒரே அடியாகக் கொடுக்காதீர்கள். சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பிரேக் ஆயில் மாற்றித் தரச் சொல்லலாம். அளவான செலவு, ஒரு காலைப் பொழுது வேலை. ஆனால் ஆள் யார் என்று இதிலேயே தெரிந்துவிடும். என்ன ஆயில் ஊற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் இஞ்சினுக்கு 5டபிள்யூ-30 சரியாக இருக்கும். "பழைய வண்டிதானே, கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றிவிடலாம்" என்பவர் வேறு காலத்தில் இருக்கிறார். உங்கள் காரில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. நான்கு சக்கரத்தின் பிரேக் லைனிலும் காற்று எடுத்துவிட்டுக் கிளட்ச் பக்கத்தை விட்டுவிடுபவர்கள் உண்டு. "கிளட்ச் லைனிலும் பழைய ஆயிலை எடுப்பீர்களா?" என்று கேட்டால், அதைச் செய்கிறவரின் முகம் மலரும். தன் வேலையைப் புரிந்துகொண்டு கேட்கும் வாடிக்கையாளரைப் பார்த்தால் நல்ல மெக்கானிக்குக்குச் சந்தோஷம்தான் வரும். எரிச்சல் வந்தால் காரணம் வேறு.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆயில் மூடியைச் சுற்றிச் சிந்தியது துடைக்கப்பட்டிருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் மேலே நிற்கிறதா, மேல்மூடியின் கிளிப் எல்லாம் இடத்தில் இருக்கிறதா. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கும் இடத்தில் ஒருவர் எப்படி வேலை செய்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். அந்தக் கறுப்புப் பூச்சு முதலாளியிடம் நான் கற்றது இது ஒன்றுதான்.

இஞ்சின் விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். எரிந்து அணைந்திருந்தாலும் அதன் குறிப்பு கம்ப்யூட்டரில் கொஞ்ச நாள் இருக்கும். ஸ்கேனர் போட்டால் ஒரு கோட், அதாவது பழுதின் குறி எண், வரும். இங்கேதான் நிறையப் பணம் வீணாகிறது. "கம்ப்யூட்டரே காயில் போய்விட்டது என்று காட்டுகிறது" என்று சொல்லி, ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு காயிலையும் மாற்றிவிடுவார்கள். கம்ப்யூட்டர் அப்படிக் காட்டுவதில்லை. எந்த இடத்தில் தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். உதாரணத்துக்கு பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் தீ சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். காரணம் காயிலாக இருக்கலாம், ஸ்பார்க் ப்ளக்காக இருக்கலாம், இஞ்செக்டராக இருக்கலாம், வயர் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். உங்கள் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை முதலில் போட்டு, அந்தக் கோட் நம்பரை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது பி0302 என்று வந்தால் குற்றவாளி அந்தக் காயில்தான், ஒன்று மட்டும் மாற்றினால் போதும். மறுபடியும் பி0301 என்றே வந்தால் காயில் நல்லது, வேறு இடம் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை, ஒரு சாமானும் வாங்க வேண்டாம். கோட் நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள், "எப்படி உறுதி செய்தீர்கள்?" என்று கேளுங்கள். மாற்றிப் போட்டுப் பார்த்த கதையை ஒருவர் சொன்னால், அவரிடம் உங்கள் பணம் பத்திரமாக இருக்கும்.

ஓட்டிப் பார்க்கும் முறையும் ஓர் அடையாளம். சாவியை வாங்கிக்கொண்டு தானே பறப்பவரைவிட, "நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்" என்பவர் எனக்குப் பிடிக்கும். சத்தம் எப்போது வருகிறது என்று வண்டியோடு தினமும் பழகும் உங்களுக்குத்தான் தெரியும். பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி க்ளூஃப் வரை போய்த் திரும்பினால், ஏற்றத்தில் கூலிங்கும் இறக்கத்தில் பிரேக்கும் தங்களை மறைக்க முடியாது. கூலிங் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாடலில் கூலன்ட் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா வயசானால் மஞ்சளித்து விரிசல் விடும். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்து அதன் இணைப்பு ஓரங்களைப் பாருங்கள். அதை ஒரு மெக்கானிக் நீங்கள் கேட்காமலே சுட்டிக் காட்டினால் அவருக்கு இந்தக் காரோடு பழக்கம் உண்டு.

தெருவில் இருக்கும் அங்கிளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யார்டில் வேலை செய்கிறார் என்பதற்காக அவரைத் தள்ளிவிடாதீர்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக்குப் பின்னால் வேலை செய்யும் சிலருடைய கைச்சுத்தத்தைப் பளபளக்கும் ஒர்க்‌ஷாப்களில்கூட நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தேகம் இருப்பது அந்தப் பாதி விலையில்தான். எதற்குப் பாதி? டைமிங் பெல்ட் மாற்றுவதற்கா? இல்லாத பெல்ட்டைப் பாதி விலைக்கு மாற்றித் தருகிறேன் என்றால் அவரும் வண்டியைத் திறந்து பார்க்காமல்தான் பேசியிருக்கிறார். அவரிடமும் அதே ஜாக்கிக் கேள்வியைக் கேளுங்கள், அதே சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பழக்கம் என்பதால் பில் வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். "அங்கிள், காரை விற்கும்போது ஹிஸ்டரி காட்ட வேண்டும், ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று சொன்னால் யாருக்கும் மனம் வருந்தாது. தேதி, கிலோமீட்டர், போட்ட சாமான், கூலி இருந்தால் போதும்.

பில்லை நான் வற்புறுத்துவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2008 ஆம் ஆண்டின் 68 ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 மார்ச் 31 முதல் இந்த நாட்டில் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 15 ஆம் பிரிவின்படி நீங்கள் மதிப்பீடு கேட்டால் அதைக் கொடுத்து, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். சொன்ன தொகைக்கு மேல் போவதானால் மறுபடியும் உங்களிடம் கேட்க வேண்டும். 67 ஆம் பிரிவு, கழற்றிய பழைய சாமான்களைத் தனியாக எடுத்து வைத்து, ஓரளவு சுத்தமான பையிலோ பெட்டியிலோ போட்டு உங்களிடம் திருப்பித் தரச் சொல்கிறது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால்தான் அதை விடலாம். 57 ஆம் பிரிவு, புதிதாகப் போட்ட சாமானுக்கும் அதைப் போட்ட கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. தொழிலாகச் செய்யும் யாரும் இதற்கு விலக்கல்ல, யார்டில் செய்பவரும் சேர்த்துத்தான். ஆல்டர்னேட்டர் மாதிரிச் சில சாமான்களைப் பழசைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்குவார்கள். அந்த மாதிரி இருந்தால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சட்டப் புத்தகம் மாதிரிப் போய்ப் படிக்க வேண்டாம். வண்டியை விடும்போதே, "பழைய சாமானை டிக்கியில் ஒரு பையில் போட்டு வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பழைய பிரேக் பேடைக் கையில் வைத்துப் பார்த்தால், தேய்ந்ததா, இன்னும் பாதி இருந்ததா என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

ரெட் சீல் தேர்ச்சிச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா, மிவா எனும் ஒர்க்‌ஷாப் சங்கத்தில் உறுப்பினரா என்றும் பாருங்கள். சான்றிதழ் மட்டும் நேர்மைக்குச் சாட்சி ஆகாது. ஆனால் தகராறு வந்தால் முறையிட ஓர் இடம் கிடைக்கும். அங்கேயும் தீராவிட்டால் மோட்டார் துறை ஆம்பட்ஸ்மேன் எனும் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்து, சரி செய்ய வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். விற்றவரைப் பிடிக்கலாமா என்று உங்கள் மனதில் இருந்தால், அது கடினம். கடை வைத்து விற்காத தனியாரிடம் வாங்கும்போது இந்தச் சட்டம் உங்களுக்குத் துணை வராது. ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிறபடியே வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தெரிந்தே குறையை மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். ரோட்வர்த்தி சான்றிதழ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வண்டி அந்த நாளில் ரோட்டில் ஓடத் தகுந்ததாக இருந்தது என்பதற்குத்தான் அது. இஞ்சினோ கூரையோ எத்தனை நாள் வரும் என்பதை அது பார்ப்பதில்லை.

இனி அந்த ஈரம். எனக்கு இதுதான் அவசரமாகப் படுகிறது. மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே பாதி கண்டுபிடித்துவிடலாம். மூன்று காரணம் இருக்க முடியும். கம்பளத்தை அழுத்தி விரலில் ஈரத்தை எடுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட், ஹீட்டர் பக்கம் கசிகிறது. வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். வெறும் தண்ணீராக இருந்தால், மழை இல்லாத ஒரு புழுக்கமான நாளில் கால் மணி நேரம் ஏசியைப் போட்டு நிறுத்தி வண்டிக்குக் கீழே பாருங்கள். டர்பன் புழுக்கத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். கீழே காய்ந்திருந்து உள்ளே மட்டும் நனைந்தால் ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறது. அதுவும் சின்ன வேலைதான்.

இந்த இரண்டும் இல்லை என்றால் கூரைத் தண்ணீர். துணிக் கூரையில் விழும் மழை வழிந்து, சீட்டுகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் இறங்கும் கோபுரங்களின் அடியில் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இலையும் பூவும் மக்கி அந்தத் துளையை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீருக்குப் போக்கிடம் இரண்டுதான்: கம்பளம், அல்லது சில்லுக்கு உள்ளே. நான் ஆரம்பத்தில் சொன்ன அதே சில். வெளியே வண்ணம் கெடாமல் உள்ளிருந்தே துரு அரிக்கும். பின் சக்கரத்துக்கு முன்னால் வண்ணத்தில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை ரொம்ப தூரம் போயிருக்கும்.

கூரையைப் பாதி தூக்கி வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை அந்தத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். வேறு ஒருவர் கீழே குனிந்து பின் சக்கரத்துக்கு முன்னால் பார்க்கட்டும். ஊற்றிய வேகத்திலேயே வந்தால் நல்லது. தேங்கி நின்றால் அடைப்பு. மேலே தெரியும் குப்பையைக் கையால் எடுங்கள். புல் வெட்டும் எந்திரத்தில் போடும் நைலான் கயிறு ஒரு துண்டை எடுத்து, முனையை மழுக்கி, மெதுவாக விடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், காற்றழுத்தத்தை மேலிருந்து அடிக்கவும் வேண்டாம். குழாய் கழன்று உள்ளே விழுந்தால் அப்புறம் தண்ணீர் முழுவதும் நேராக சில்லுக்குள்தான் போகும். "கம்ப்ரஸர் வைத்து ஒரே ஊது, சரியாகிவிடும்" என்று சொல்லும் மெக்கானிக்கை இந்த வேலைக்குத் தொட விடாதீர்கள். கூரைத் துணி கிழிந்திருந்தால், ஓரம் பிரிந்திருந்தால், அது மெக்கானிக் வேலையே இல்லை. கார் சீட் தைக்கும் ட்ரிம்மரிடம் போக வேண்டும். "அது எனக்குத் தெரியாது, இன்னாரிடம் போங்கள்" என்று அனுப்பிவைக்கும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

மனதுக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது, அதையும் தீர்த்துவிடுங்கள். 2022 ஏப்ரலில் வந்த வெள்ளம் இந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும். தண்ணீரில் நின்ற கார்கள் துடைத்துத் துவட்டி விற்கப்படுவது எங்கேயும் நடப்பதுதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சுருண்டிருக்கும் பாகத்தில் காய்ந்த சேற்றுக் கோடு இருக்கிறதா, சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா. இருந்தால், வேறு எந்த வேலையும் தொடங்கும் முன் என்னிடம் சொல்லுங்கள். அப்போது பேச வேண்டிய பேச்சே வேறு.

கம்பளத்தை இன்றே தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை வெயிலில் காயப் போடுங்கள், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பஞ்சு வாரக் கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். சனிக்கிழமை அந்த டம்ளர் தண்ணீரை இரண்டு பக்கமும் ஊற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் தேங்கியது, எந்தப் பக்கம் ஓடியது என்று எழுதுங்கள். ஸ்கேனரில் வந்த கோட் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள்.